கை வழியே கல்வி: இல்லத்தில் இளங்குழந்தைகளுக்கான மாண்டிசோரிப் பயிற்சிகள்

தறியில் அமர்ந்து தாய் நெய்துகொண்டிருக்கிறாள். அருகில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று நின்று பார்க்கிறது. நாடா இப்புறமும் அப்புறமும் ஓடுவதைக் கண்கொட்டாமல் கவனிக்கிறது. சிறிது நேரத்தில் அதன் கை தார்க்குச்சிக் கூடையை நோக்கி நீளுகிறது. "தொடாதே!" என்கிறாள் தாய். குழந்தை கையை இழுத்துக்கொள்கிறது, மறுபடியும் நீட்டுகிறது. மூன்றாம் முறை ஓர் அடி விழுகிறது. அல்லது அழுகையை அடக்கக் கைபேசி ஒன்று அதன் கையில் திணிக்கப்படுகிறது. களத்து மேட்டிலும் இதே காட்சிதான். நெல்லை அள்ளி இறைக்கும் குழந்தையைத் தூக்கி அப்பால் உட்கார வைக்கிறோம்.

அந்தக் கை எதைத் தேடுகிறது? குறும்பையா, அறிவையா? இக்கேள்விக்கு விடை கண்டவர்களுள் தலையாயவர் டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையார். அவர் கண்ட முறையின் சாரத்தையும், அதை நம் வீடுகளில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே நடத்தும் வகையையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

தொழிலாளர் குடியிருப்பில் பிறந்த முறை

மாண்டிசோரி என்ற சொல்லைக் கேட்டவுடன், உயர்ந்த கட்டணமும், பளபளக்கும் மரச் சாமான்களும், நகரத்துச் செல்வர் வீட்டுக் குழந்தைகளுமே பலர் நினைவுக்கு வருகின்றன. இம்முறை பிறந்த வரலாறு அதற்கு நேர்மாறானது.

அம்மையார் 1870-ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்தார். 1896-இல் ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குக் கற்பிக்கும் பணியில் முதலில் ஈடுபட்டார். அந்நாளில் ரோமாபுரியின் சான் லொரன்சோ என்ற பகுதியில் ஏழைத் தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்து வந்தன. பெற்றோர் இருவரும் வேலைக்குச் சென்றபின், பள்ளி வயது எட்டாத குழந்தைகள் பகலெல்லாம் மேற்பார்வையின்றித் திரிந்தன. சுவர்களையும் படிக்கட்டுகளையும் பாழாக்கின. கட்டடங்களைக் காக்க வேண்டுமென்ற எண்ணத்தில், அவற்றின் நிர்வாகத்தினர் ஓர் அறையை ஒதுக்கி, அக்குழந்தைகளை அம்மையாரிடம் ஒப்படைத்தனர். 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் அந்த அறை திறக்கப்பட்டது. 'குழந்தைகளின் இல்லம்' என்பது அதன் பெயர். ஆகவே இம்முறை செல்வர் மாளிகையில் தோன்றியதன்று. தாயும் தந்தையும் உழைத்தாலன்றி அடுப்பெரியாத வீட்டுக் குழந்தைகளுக்காகத் தோன்றியது.

அங்கே அம்மையார் கண்ட காட்சி ஒன்று நினைவில் வைக்கத் தக்கது. மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, ஒரு மரக்கட்டையின் துளைகளில் அளவுக்கேற்ற உருளைகளைப் பொருத்தும் வேலையில் மூழ்கியிருந்தாள். பொருத்தினாள், எடுத்தாள், கலந்தாள், மீண்டும் பொருத்தினாள். சுற்றிலும் மற்றக் குழந்தைகளைப் பாடச் செய்தார் அம்மையார்; அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அமர்ந்திருந்த நாற்காலியையே தூக்கி மேசை மேல் வைத்தார். அப்பொழுதும் வேலை நிற்கவில்லை. நாற்பது தடவைக்கு மேல் செய்தபின், யாரும் சொல்லாமலே தானாக நிறுத்தினாள். களைப்பில்லை, உறங்கி எழுந்தவள் போலத் தெளிந்த முகத்துடன் நிமிர்ந்தாள். குழந்தைக்குக் கவனம் நில்லாது என்பது பொய், கையும் கருத்தும் ஒன்றும் வேலை கிடைத்தால் அது நிற்கும் என்ற உண்மையை அம்மையார் அன்று உணர்ந்தார்.

தமிழ்நாட்டிற்கும் அம்மையாருக்கும் நெருங்கிய தொடர்புண்டு. 1939-ஆம் ஆண்டு, பிரம்மஞான சபையினரின் அழைப்பை ஏற்று, தம் மகன் மாரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். சில மாதங்களில் திரும்பிவிடுவதாகவே திட்டம். 1940 ஜூன் மாதம் இத்தாலி போரில் இறங்கியதும், அவ்விருவரும் பகைநாட்டுப் பிரஜைகளாகக் கருதப்பட்டனர். மாரியோ காவலில் வைக்கப்பட்டார். அம்மையாரின் 70-ஆம் பிறந்தநாளையொட்டி விடுதலை பெற்றார். 1942 முதல் 1944 வரை கோடைக்கானலில் தங்கி, பல வயதுக் குழந்தைகளோடு பழகி, செடி கொடிகளையும் பிராணிகளையும் கொண்டு கற்பிக்கும் வகையை அம்மையார் விரிவாக்கினார். 1946-இல் ஐரோப்பா திரும்பி, 1947-இல் மறுபடியும் இந்தியா வந்து, 1949 வரை பணி செய்தார். அவருடைய முக்கிய நூல்களுள் ஒன்றான 'ஈர்க்கும் மனம்' 1949-இல் முதன்முதலாக அச்சேறியது சென்னையிலேதான். 1952-ஆம் ஆண்டு ஹாலந்தில் காலமானார்.

நான்கு அடிப்படை விதிகள்

பயிற்சிகளைத் தொடங்குமுன் அவற்றின் பின்னுள்ள விதிகளை அறிதல் வேண்டும். விதியை மறந்து பொருளை மட்டும் வாங்கி வைத்தால் பயன் சிறிதே.

முதல் விதி: மெய்யான பொருள், சிறிய அளவு. குழந்தைக்குப் பொம்மைச் செம்பு வேண்டா; அதன் கைக்கு அடங்கும் மெய்யான செம்பு வேண்டும். கீழே விழுந்தால் ஓசை எழுப்பும், நீரைச் சிந்தும் பொருளே கவனத்தைக் கற்பிக்கும்.

இரண்டாம் விதி: ஒரு நேரத்தில் ஒரு கடினம். நிறத்தைக் கற்பிக்கும்போது எல்லாப் பொருளும் ஒரே வடிவில் இருத்தல் வேண்டும். நிறம் மட்டுமே மாற வேண்டும். பருமனைக் கற்பிக்கும்போது நிறம் மாறலாகாது. அம்மையாரின் புகழ்பெற்ற இளஞ்சிவப்புக் கோபுரத்தில் பத்துக் கனசதுரங்கள் உள. ஒரு சென்டிமீட்டரில் தொடங்கிப் பத்துச் சென்டிமீட்டர் வரை ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் பெரியது. ஆனால் நிறம் யாவற்றிற்கும் ஒன்றே.

மூன்றாம் விதி: பிழையைப் பொருளே காட்ட வேண்டும். நாம் "தப்பு" என்று சொல்ல நேர்ந்தால் குழந்தை நம் முகத்தைப் பார்க்கும். பொருளே காட்டினால் குழந்தை பொருளைப் பார்க்கும். உருளை துளைக்குள் நுழையாவிட்டால் பிழை தானே விளங்கும்.

நான்காம் விதி: காட்டு; பின் ஒதுங்கு. பெரியவர் முதலில் மெதுவாக, மிகக் குறைந்த சொற்களுடன், ஒருமுறை செய்து காட்ட வேண்டும். கையசைவைக் குழந்தை பார்க்கும்போது வாய் பேசிக்கொண்டிருந்தால் அதன் கவனம் இரண்டாகப் பிரியும். காட்டியபின் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருக்க வேண்டும்.

இந்நான்கில் மிகக் கடினமானது நான்காம் விதியே. இதை நம் இல்லத்திலேயே கண்டோம். மூன்றரை வயதுப் பேத்தி ஒரு சிறு செம்பிலிருந்து மற்றொன்றிற்கு அரிசியை ஊற்றிக்கொண்டிருந்தாள். பாதி சிந்திற்று. நமக்குப் பொறுக்கவில்லை. "இரு, இரு, தாத்தா எடுக்கிறேன்" என்று குனிந்து அள்ளிவிட்டோம். "நான் தாத்தா, நான்!" என்றாள் குழந்தை. அவள் சொன்னதன் பொருள் அன்று நமக்கு விளங்கவில்லை. செம்பை வைத்துவிட்டு எழுந்து போனாள். நான்கு நாள் அந்தத் தட்டின் பக்கமே வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தபோது நாம் திண்ணைக்குப் போய் அமர்ந்துகொண்டோம். அன்றும் சிந்திற்று. சிந்தியதை ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி முடிக்க அவளுக்கு நெடுநேரமாயிற்று. முடித்தபின் ஓடிவந்து நம் கையைப் பிடித்திழுத்து வெறுந்தரையைக் காட்டினாள். ஊற்றுவதைவிடப் பொறுக்குவதிலேதான் அவள் அன்று அதிகம் கற்றாள். நாம் உதவி என்று எண்ணிச் செய்தது அக்கல்வியைப் பறித்த செயலேயாகும்.

தட்டும் பாயும்

ஒவ்வொரு பயிற்சிக்கும் உரிய பொருள்களை ஒரே தட்டில் அல்லது முறத்தில் வைத்து, குழந்தையின் கைக்கு எட்டும் தாழ்ந்த பலகையில் வைக்க வேண்டும். ஒரு நேரத்தில் நான்கைந்து தட்டுகளுக்கு மேல் வேண்டா. குழந்தை ஒன்றைத் தானே தேர்ந்தெடுத்து, சிறு பாயை விரித்து, அதன்மேல் வேலை செய்து, முடிந்ததும் தட்டை எடுத்த இடத்தில் வைத்துப் பாயைச் சுருட்ட வேண்டும். பாய் அதன் வேலைக்கு எல்லை. அவ்வெல்லைக்குள் தம்பி தங்கைகள் நுழையலாகாது என்பது வீட்டுச் சட்டமாதல் வேண்டும். காட்டிக் கொடுப்பவர் குழந்தையின் எதிரே அமராமல், பக்கத்தில் அமர்தல் நலம். எதிரே அமர்ந்தால் இடவலம் மாறித் தோன்றும்.

முதற் பயிற்சி: ஊற்றுதலும் அளத்தலும் (இரண்டரை வயது முதல்)

ஒரே அளவான இரண்டு சிறு செம்புகள். ஒன்றில் பாதியளவு அரிசி. வலச் செம்பிலிருந்து இடச் செம்பிற்கும், பின் மறுபடியும் ஊற்றச் செய்க. கை நிலைத்தபின் அரிசிக்குப் பதில் நீர் வைக்கலாம். தட்டில் சிறு துடைப்புத் துணி ஒன்று எப்போதும் இருத்தல் வேண்டும். துடைப்பதும் பாடத்தின் பகுதியே.

ஐந்து வயதில் இப்பயிற்சி கணக்காக வளர்கிறது. பல உழவர் வீடுகளில் பழைய படியும் ஆழாக்கும் இன்னும் பரணில் கிடக்கின்றன. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு படி. எட்டு ஆழாக்கு கொட்டினால் படி நிறையும். இரட்டித்தும் பாதியாக்கியும் செல்லும் இவ்வரிசையைக் கையால் அளந்த குழந்தைக்கு அரை, கால், அரைக்கால் என்ற பின்னங்கள் பிற்காலத்தில் வெறும் எழுத்துகளாகத் தோன்றா. பிழை திருத்தமும் பொருளிலேயே உண்டு: எட்டாவது ஆழாக்கில் படி நிறையாவிட்டால் எங்கோ சிந்தியிருக்கிறது, அல்லது எண்ணிக்கை தவறியிருக்கிறது. படியும் ஆழாக்கும் இல்லாத வீட்டில் லிட்டர்ப் பாத்திரத்தையும் கால் லிட்டர்க் குவளையையும் கொண்டு இதையே செய்யலாம்.

இரண்டாம் பயிற்சி: நூலும் நிறமும் (மூன்று வயது முதல்)

நெசவாளர் இல்லங்களுக்கு உவப்பான செய்தி ஒன்றை இங்கே கூறுவோம். நிறம் பயிற்ற இன்று விற்கப்படுபவை வர்ணம் பூசிய பலகைகள். ஆனால் அம்மையார் தம் முதல் நூலில் விவரித்த நிறப் பலகைகள் நூல் சுற்றியவை. பட்டு நூலோ கம்பளி நூலோ சுற்றிய சிறு தகடுகளை அவர் பயன்படுத்தினார். எட்டு நிறங்கள், ஒவ்வொன்றிலும் எட்டுச் சாயைகள். ஆக 64 தகடுகள். இதைச் செய்வதற்கு நெசவாளரைக் காட்டிலும் தகுதியுடையவர் யார்?

தடித்த அட்டையைத் தீப்பெட்டியளவு துண்டுகளாக வெட்டி, கழிவு நூலை நெருக்கமாகச் சுற்றுக. முதலில் ஆறு துண்டுகள் போதும்: சிவப்பில் இரண்டு, மஞ்சளில் இரண்டு, நீலத்தில் இரண்டு. அவற்றைக் கலந்து வைத்து, இணைகளைச் சேர்க்கச் செய்க. அது எளிதானபின் பச்சை, கருநீலம், அரக்கு, செம்மண் எனப் பதினோர் இணைகள் வரை கூட்டலாம். அதன்பின் ஒரே நிறத்தின் சாயைகள்: அழுத்தமான நீலத்திலிருந்து வெளிர்நீலம் வரை ஐந்து அல்லது ஏழு துண்டுகளைக் குழந்தை வரிசைப்படுத்த வேண்டும். வேறு வேறு சாயத் தொட்டியில் நனைந்த நூலின் வேறுபாட்டைத் தேர்ந்த நெசவாளரின் கண் உடனே கண்டுகொள்ளும். அக்கண்ணின் முதற்பாடம் இதுவே. நன்கு அலசிய, சாயம் போகாத நூலையே பயன்படுத்துக.

மூன்றாம் பயிற்சி: தொட்டறிதல் (மூன்று வயது முதல்)

ஒரே அளவில் சதுரமாக வெட்டிய துணித் துண்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து வைக்க. பருத்தி, பட்டு, கம்பளி, சணல் ஆகிய நான்கு இணைகள் தொடக்கத்திற்குப் போதும். முதலில் கண்ணால் பார்த்துக்கொண்டே தொடட்டும். பின் துண்டினால் கண்ணைக் கட்டி, விரல் நுனியால் மட்டும் இணையைக் காணச் செய்க. கண் கட்டுவதை விரும்பாத குழந்தையை வற்புறுத்த வேண்டா. துண்டுகளை ஒரு பைக்குள் வைத்துக் கையை மட்டும் நுழைக்கச் சொல்லலாம். ஆறு வயதை நெருங்கும்போது 40-ஆம் நம்பர், 80-ஆம் நம்பர் நூல்களில் நெய்த துணிகளைக் கொடுத்துப் பார்க்க. நம்பர் ஏற ஏற நூல் மெலிதாவதைச் சிறு விரல்கள் அறிந்துகொள்வதைக் கண்டு பெற்றோர் வியப்பர்.

நான்காம் பயிற்சி: விதை பிரித்தல், விதை வளர்த்தல் (மூன்று வயது முதல்)

மொச்சை, துவரை, பச்சைப்பயறு ஆகிய மூன்றையும் கலந்து ஒரு கிண்ணத்தில் இட்டு, மூன்று வெறுங் கிண்ணங்களுடன் தட்டில் வைக்க. கட்டைவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் சேர்ந்து ஒரு விதையை எடுக்கும் அசைவும், பிற்காலத்தில் எழுதுகோலைப் பிடிக்கும் அசைவும் ஒன்றே. பெரிய விதையில் தொடங்கிச் சிறிய விதைக்குச் செல்க. இறுதியில் தனித்தனி மணியாக எடுக்க இயலாத கேழ்வரகைச் சிறு சல்லடையால் பிரிக்கக் காட்டலாம்.

பிரித்த விதையில் ஐந்தைக் கொட்டாங்கச்சியில் மண்ணிட்டு ஊன்றுக. நாள்தோறும் நீர் விடும் பொறுப்பு குழந்தையுடையது. மறந்தால் செடி வாடும். நாம் ஏச வேண்டுவதில்லை. மற்றோர் உயிர் தன்னை நம்பியிருக்கிறது என்ற எண்ணம் குழந்தையின் உள்ளத்தில் வேரூன்ற இதைவிட நல்ல வழி இல்லை.

ஐந்தாம் பயிற்சி: குச்சியும் எண்ணும் (நான்கு வயது முதல்)

இதிலும் நெசவுத் தொழிலின் வாடை உண்டு. மாண்டிசோரிப் பள்ளிகளில் கதிர்ப் பெட்டி என ஒன்றுண்டு. நூற்கும் கதிர் வடிவிலான 45 குச்சிகளும், 0 முதல் 9 வரை எண் எழுதிய பத்து அறைகளும் கொண்டது அது. வீட்டில் பத்துக் கொட்டாங்கச்சிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் முன்னும் எண் அட்டை வைக்க. தேய்ந்து ஒதுக்கிய தார்க்குச்சிகளோ, வழவழப்பாகச் சீவிய மூங்கில் குச்சிகளோ 45 வேண்டும். 1 எழுதிய இடத்தில் ஒன்று, 2 எழுதிய இடத்தில் இரண்டு, இவ்வாறு ஒவ்வொன்றாக எண்ணி இடச் செய்க.

ஏன் 45? ஒன்று முதல் ஒன்பது வரை கூட்டினால் வரும் தொகை அது. ஒன்பதாம் சிரட்டைக்குக் குச்சி போதாவிட்டாலும், முடிவில் மிஞ்சினாலும் எங்கோ பிழை. குழந்தை தானே திரும்ப எண்ணும். 0 எழுதிய சிரட்டை வெறுமையாகவே இருக்கும். பூஜ்யம் என்பது 'ஒன்றுமில்லை' என்பதைச் சொல்லால் விளக்குவது கடினம். வெறுஞ் சிரட்டையைக் கண்ட குழந்தைக்கு விளக்கமே வேண்டா.

ஆறாம் பயிற்சி: விரலால் எழுதுதல் (நான்கு வயது முதல்)

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்றதை நம் முன்னோர் அறிவர். விரல் கற்ற வடிவத்தை மனம் மறப்பதில்லை என்ற அதே உண்மையை அம்மையாரும் கண்டார். உப்புத்தாளில் எழுத்தை வெட்டி வழவழப்பான அட்டையில் ஒட்டினார். குழந்தை சுட்டுவிரலாலும் நடுவிரலாலும், எழுதும் திசையிலேயே அதைத் தடவிச் செல்லும். விரல் வழி தவறினால் சொரசொரப்பு நின்று வழவழப்புத் தட்டும். பிழை அப்போதே விளங்கும்.

தமிழில் ட, ப, ம என்ற எளிய வடிவங்களில் தொடங்குக. ஒருநாளைக்கு இரண்டு மூன்று எழுத்துகளுக்கு மேல் வேண்டா. பெயர் கற்பிக்கும் வகை மூன்று படிகளாகும். முதற்படி: எழுத்தைத் தடவிக் காட்டி, "இது ம" என்று மட்டும் சொல்க. இரண்டாம் படி: இரண்டு எழுத்துகளை வைத்து, "ம எது? காட்டு", "ட எது? கொடு" என்று கேட்க. மூன்றாம் படி: ஒன்றைச் சுட்டி, "இது என்ன?" என்று வினவுக. இரண்டாம் படியில் தடுமாறினால் மூன்றாம் படிக்குப் போகாமல் அட்டைகளை எடுத்து வைத்துவிட்டு, மறுநாள் முதற்படியிலிருந்து தொடங்க வேண்டும். "நேற்றுச் சொன்னேனே!" என்ற சொல் கூடாது. நிறங்களின் பெயர், துணிகளின் பெயர், விதைகளின் பெயர் ஆகியவற்றிற்கும் இம்மூன்று படிகளே.

சான் லொரன்சோ இல்லத்தில் ஒருநாள் மாடியில் அமர்ந்திருந்த ஐந்து வயதுச் சிறுவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, எதிரேயிருந்த புகைபோக்கியை வரையச் சொன்னார் அம்மையார். வரைந்து முடித்தவன் திடீரென்று குனிந்து தரையில் ஒரு சொல்லை எழுதினான். எழுதக் கற்றுக்கொடுத்தவர் எவருமில்லை. எழுத்துகளைத் தடவிப் பழகிய விரல் தானே எழுதிற்று. அவன் எழுதிய முதற் சொல் 'கை' என்பது.

காக்க வேண்டியவை

நம் தொழில்களுக்கே உரிய ஆபத்துகள் சில உண்டு. அவற்றை அறியாமல் எப்பயிற்சியும் தொடங்கலாகாது.

சிறு விதைகளும் மணிகளும் மூன்று வயது நிரம்பாத குழந்தைக்கு ஆகா. மூச்சுக்குழலில் சிக்கலாம், மூக்கிலும் காதிலும் புகலாம். மூத்த குழந்தைகளும் பெரியவர் கண்பார்வையிலேயே விதைகளைக் கையாள வேண்டும். குன்றிமணி அழகாயிருப்பினும் கொடிய நஞ்சு; ஆமணக்கு விதையும் ஊமத்தை விதையும் அத்தகையவையே. இம்மூன்றும் தட்டுக்கு வரவே கூடாது. விதைப்பதற்காக மருந்து கலந்த விதைகள் பெரும்பாலும் நிறமூட்டப்பட்டிருக்கும், அவற்றையும் விலக்குக. உணவுக்கென வாங்கிய தானியத்தையே எடுக்க. பூச்சிமருந்து வந்த புட்டியையோ டப்பாவையோ எவ்வளவு கழுவினாலும் விளையாட்டுக்குக் கொடுக்கலாகாது.

நீர்ப் பயிற்சிக்கு ஒரு குவளை நீர் போதும். நிறைந்த வாளியின் அருகே சிறு குழந்தையை ஒரு கணமும் தனியே விட வேண்டா. தறிக்குழியின் ஓரத்திலும், ஓடும் விசைத்தறியின் அருகிலும், சாயத் தொட்டிப் பக்கத்திலும் பாய் விரிக்கலாகாது.

கைபேசியைப் பற்றியும் ஒரு சொல். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை கூடவே கூடாது. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேற்படலாகாது. குறைவாயின் இன்னும் நலம். வேலை நெருக்கடியில் தாய் அதைக் கொடுப்பதை நாம் குறை கூறவில்லை. தட்டு ஒன்று கைக்கெட்டும் இடத்தில் ஆயத்தமாக இருந்தால் அந்த நெருக்கடி சிறிது தளரும் என்பதே நாம் சொல்வது.

வேலையும் உழைப்பும்

இனி நம் மனத்தைத் தொடும் விஷயத்திற்கு வருவோம். தார்க்குச்சியும் நூலும் விதையும் குழந்தையின் கையில் கொடுக்கச் சொல்கிறோம். அது குழந்தையைத் தொழிலில் இறக்குவதாகாதா என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகளைப் பட்டுத் தறிக்கு அனுப்பிய துயரக் காலம் நம் மண்ணிலும் இருந்தது. அப்பிள்ளைகளின் விரல்களும் நூலைத்தான் தொட்டன. ஆனால் அவை கற்கவில்லை, தேய்ந்தன. 2016-இல் திருத்தப்பட்ட சட்டம் 14 வயது நிரம்பாதவரை வேலைக்கு அமர்த்துவதைத் தடை செய்கிறது. பள்ளி நேரத்திற்குப் பின் குடும்பத்திற்கு உதவலாம் என்ற விலக்கு அதில் உண்டு. ஆயின் ஆபத்தான தொழில்களுக்கு அவ்விலக்கில்லை. சட்டத்தின் விலக்கையும் கடந்து, மனச்சான்றின் அளவுகோல் ஒன்று நமக்கு வேண்டும்.

மூன்று கேள்விகளால் அதை அளக்கலாம். எப்போது நிறுத்துவது என்பதை முடிவு செய்பவர் யார்? செய்த பொருள் யாருக்குத் தேவை? எவ்வளவு செய்தது என்று எண்ணுபவர் யார்? மூன்றிற்கும் 'குழந்தையே' என்ற விடை வருமாயின் அது கல்வி. சான் லொரன்சோச் சிறுமி நாற்பது முறைக்கு மேல் உருளைகளைப் பொருத்தியபோது அங்கே விளைந்த பண்டம் ஒன்றுமில்லை, விளைந்தது அவளேயாவாள். குழந்தை நூல் சுற்றிய அட்டை தட்டிற்குத் திரும்பினால் அது பயிற்சி. குழந்தை சுற்றிய தார் தறிக்கு ஏறினால், அன்றே அது உழைப்பாகிவிடும். இந்த எல்லைக்கோட்டைக் காக்கும் கடமை பெற்றோருடையது.

நாள்தோறும் காலையில் அரைமணியோ ஒரு மணியோ போதும். ஒருவேளை குழந்தை தட்டைத் தொடாமலே போகலாம், அதுவும் குற்றமன்று. இப்பயிற்சிகள் அங்கன்வாடிக்கோ பள்ளிக்கோ பதிலாக மாட்டா. அங்கே செல்லும் குழந்தையின் கையையும் கருத்தையும் பண்படுத்தும். பெரும்பொருள் கொடுத்துச் சாமான்கள் வாங்கவோ, கடன்பட்டுக் கட்டணம் கட்டவோ வேண்டுவதில்லை. கழிவு நூலும், கொட்டாங்கச்சியும், ஒரு பிடி விதையும், சற்றே பொறுமையும் உள்ள வீடு எதுவும் குழந்தைகளின் இல்லமாகலாம். இவற்றுள் அரிதாகக் கிடைப்பது பொறுமை ஒன்றே என்பதை நாமும் பட்டே அறிந்தோம்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. கதிர்ப் பெட்டியில் குச்சிகளின் எண்ணிக்கை 45 ஆக இருப்பதன் காரணம் யாது? 44 குச்சிகள் இருந்தால் குழந்தைக்கு என்ன குழப்பம் நேரும்?

2. நிறம் பயிற்றும் அட்டைகள் ஒரே அளவினவாக இருக்க வேண்டுவது ஏன்?

3. பெயர் கற்பிக்கும் மூன்று படிகளை உங்கள் வீட்டிலுள்ள மூன்று தானியங்களைக் கொண்டு செய்து காட்டுக.

4. உங்கள் வீட்டில் குழந்தை தானே செய்யக்கூடியதாயிருந்தும், நேரமாகிறது என்று நீங்கள் செய்துவிடும் செயல்கள் எவை? அவற்றுள் ஒன்றை இவ்வாரம் அதனிடமே விட்டுப் பாருங்கள்.

5. ஒரு செயல் குழந்தைக்குக் கல்வியா, உழைப்பா என்பதை அறிய உதவும் மூன்று கேள்விகள் யாவை? உங்கள் தெருவில் நீங்கள் கண்ட ஒரு காட்சிக்கு அவற்றைப் பொருத்திப் பாருங்கள்.